வடிவமைப்பு மென்பொருளும் முதல் வேலையும்

வடிவமைப்புத் தொழிலில் விருப்புடைய மாணாக்கர் பலரும் முதற்கண் வினவுவது, எந்த மென்பொருளைக் கற்றல் நலம் என்பதேயாம். வினா இயல்பானதே. ஆயினும், வீட்டார் அரிதிற் சேர்த்த பொருளைப் பயிற்சிக்கூடத்திற்குச் செலுத்தி, ஆறு திங்கள் பயின்று, சான்றிதழுங் கையுமாய் அச்சக வாயிலில் நிற்கும் இளைஞரிடம் அச்சகத்தார் அச்சான்றிதழைப் பெரிதும் நோக்குவதில்லை. "இவ்விரண்டு பக்கத் தமிழை ஒழுங்குபட அமைத்துத் தருக" என்கின்றனர். அவ்விடத்தே பலர் திகைக்கின்றனர். அத்திகைப்பின் காரணத்தையும் அதனைத் தவிர்க்கும் வழியையுமே யாம் ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

கருவி வேறு, அதனைக் கொண்டு ஆற்றுந் தொழில் வேறு. இதற்கு நம் நாட்டு அச்சு வரலாற்றிலேயே தக்கதொரு சான்று உளது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தரங்கம்பாடியிலிருந்த சீகன்பால்கு ஐயரின் மிஷனுக்கு ஜெர்மனி தேசத்து ஹாலே நகரினின்று தமிழெழுத்துக்கள் வார்த்தனுப்பப்பெற்றன. அவ்வெழுத்துக்கள் பருத்திருந்தமையால் காகிதம் மிகுதியாய்ச் செலவாயிற்று. காகிதமோ அந்நாளில் எளிதிற் கிட்டாத பொருள். ஆகலின் அவர்கள் சிறிய எழுத்துக்களைத் தரங்கம்பாடியிலேயே வார்த்துக்கொண்டு, 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தனர். எழுத்தின் அளவு, தாளின் விலை, படிப்போர் கண் என்னும் இம்மூன்றையும் ஒருங்கே சீர்தூக்கி ஒரு முடிவிற்கு வருதலையே யாம் வடிவமைப்பு என்போம். அம்முடிவை ஈயத்தைக் கொண்டு நிறைவேற்றினும் கணிப்பொறியைக் கொண்டு நிறைவேற்றினும் ஒன்றே.

இனி, கருவிகளைக் காண்போம். 1990-இல் வெளிவந்த ஃபோட்டோஷாப், படத்தை நுண்ணிய புள்ளிகளின் தொகுதியாகக் கொள்வது. 1987-இல் தோன்றிய இல்லஸ்ட்ரேட்டரும் 1989-இல் தோன்றிய கோரல்டிராவும் கோடுகளையும் வளைவுகளையும் கணக்கு முறையாற் பதிந்து வைப்பன. புள்ளிப்படத்தை மிகப் பெரிதாக்கின் அது கலங்கிச் சிதையும். கோட்டுப்படமோ ஓரங்குல முத்திரையிலும் தெருமுனைப் பதாகையிலும் கூர்மை குன்றாது நிற்கும். ஆகவே ஒரு கடையின் சின்னத்தைப் புள்ளிப்படமாக மட்டும் வரைந்து கொண்டுவருபவர், தம் அறியாமையை வாய் திறவாமலே அறிவித்தவராவர். பக்கங்களைத் தொகுத்து நூலாக்குதற்கு 1999 முதல் இன்டிசைன் உளது. அதற்கு முன்னர் நம் அச்சகங்களில் வழங்கிய பேஜ்மேக்கரை அதன் உரிமையாளரே கைவிட்டனர். கைப்பேசித் திரைகளை அமைப்போர் ஃபிக்மாவை நாடுகின்றனர். அடோபி நிறுவனத்தார் 2013 முதல் தம் புதுப் பதிப்புக்களைச் சந்தாவிற்கே வழங்குதலின், பொருள் வசதியற்ற மாணாக்கர் கள்ளப் படிகளைத் தேடுவதுண்டு. அது வேண்டுவதில்லை, இங்க்ஸ்கேப், கிம்ப், ஸ்கிரிபஸ் என்னும் மூன்றும் விலையின்றிக் கிடைப்பன. இவற்றிற் பழகிய கை மற்றவற்றிற்கு மாறுதல் சில வாரங்களில் இயலும்.

தமிழ்ப் பக்கம் அமைப்போர்க்கோ தனி இடர்கள் பல உள. பயிற்சிக்கூடங்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பாடங்களையே மாதிரியாகக் கொள்ளுதலின் இவை அங்கே புலப்படுவதில்லை. இன்டிசைனில் தமிழை அப்படியே இட்டால், கொம்பு தன் எழுத்துக்கு முன் நில்லாமல் பின்னே ஓடி, 'கெ' என்பது காண்பதற்கு நகையாய் முடிவதுண்டு. பத்தி அமைப்பில் 'வேர்ல்டு ரெடி கம்போசர்' என்னும் முறையைத் தெரிந்தெடுத்தால் கொம்பு தன்னிடத்திற்கு மீளும். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டிய கட்டுரையோ மற்றோர் இடர். அவ்வெழுத்துருக்கள் ரோமன் எழுத்துக்களின் இடத்திலே தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்தவை. எழுத்துருவை மாற்றிய அளவிலே கட்டுரை முழுதும் பொருளற்ற ரோமன் எழுத்தாய் மாறிவிடும். முதலில் அதனை யூனிகோடிற்கு மாற்றிக்கொண்டே வேலை தொடங்கல் வேண்டும்.

தமிழ்ச் சொற்கள் நெடியன. குறுகிய பத்தியில் இருபுறமும் சமனாக நிறுத்தினால், சொற்களுக்கிடையே வெள்ளை வெளிகள் தோன்றிப் பக்கமெங்கும் ஓட்டைகளாய்த் தெரியும். நாளிதழ்களில் இதனை யாரும் காணலாம். சொல்லை இரண்டாக்கி அடுத்த வரிக்குக் கொண்டுபோதல் ஒரு வழி. அங்ஙனம் பிரிக்குங்கால் வரியின் தலையிலே புள்ளியெழுத்து நிற்றல் ஆகாது என்பது எம் கருத்து. மெய்யெழுத்து மொழிக்கு முதலாகாது என நன்னூலிற் படித்த கண்ணுக்கு அது உறுத்தும். மேலும், இகரக் கொக்கி மேலேயும் உகரக் கால் கீழேயும் நீளுதலின், ஆங்கிலத்திற்கு விடும் வரியிடைவெளி தமிழுக்குப் போதாது. இலக்கணம் பயின்ற மாணாக்கருக்கு இத்தொழிலில் வேலையில்லை என்பாரை யாம் உடன்படோம். 2010-இல் இந்திய ரூபாயின் குறியீட்டை வகுத்த உதயகுமார் அவர்கள் மும்பை ஐ.ஐ.டி.யில் ஆராய்ந்த பொருள் தமிழெழுத்தின் வடிவமேயாம்.

வேலை தேடுவோர்க்கு வேண்டுவது தாம் செய்தவற்றின் கோவையொன்று. தொழிலார் அதனைப் போர்ட்ஃபோலியோ என்பர். அதில் ஐம்பது படங்களைத் திணித்தலினும், நன்கு செய்த எட்டினை வைத்தல் நலம். கற்பனைக் குளிர்பானத்திற்கு விளம்பரம் வரைந்து நிரப்புவோர் பலர். அதனினும், ஆலயத் திருவிழா அழைப்பு, விடுதி நாள் நிகழ்ச்சி நிரல், அண்டைக் கடையின் ரசீதுப் புத்தகம் ஆகியவை மேலானவை; அவற்றிற்கு உண்மையான படிப்போரும் உண்மையான செலவுக் கணக்கும் உண்டு. ஒவ்வொன்றோடும் முதல் வரைவையும் முடிந்த வடிவத்தையும் அருகருகே வைத்து, மாற்றியதன் காரணத்தை இரண்டு வரியில் எழுதுதல் தகும். அக்காரணத்தையே வேலை தருவோர் ஊன்றிப் படிக்கின்றனர்.

முதல் வேலைக்கு விளம்பர நிறுவனத்தையே குறிவைத்துச் சிறு அச்சகத்தை இகழ்தல் பலர் இயல்பு. சிவகாசியிலோ தம் ஊர்க் கடைத்தெருவிலோ உள்ள ஆஃப்செட் அச்சகத்தில் ஓராண்டு இருப்பவர், திரையின் நிறம் தாளில் ஏன் மங்குகிறது, வெட்டுவதற்கென ஓரத்தில் 3 மில்லிமீட்டர் ஏன் விடவேண்டும், நான்கங்குலப் படத்திற்கு 1200 புள்ளிகள் ஏன் வேண்டும் என்பவற்றைப் பிழையின் விலையோடு கற்றுக்கொள்வர். வாட்ஸாப்பில் வந்த புகைப்படம் சுருங்கி வந்ததென்பதை அறியாமல் அட்டையிலிட்டு, ஆயிரம் பிரதியும் வீணாவதை ஒருமுறை கண்டவர் பின்னர் மறவார்.

சில நிறுவனங்கள் தேர்வு என்னும் பெயரால் முழு வேலையையே கூலியின்றி வாங்கிக்கொள்கின்றன. எம் தோழருள் ஒருவர் மூன்று சுவரொட்டிகளை இவ்வாறு இழந்தார். ஒரு மணி நேரத் தேர்வு நேரிது. ஒரு வாரத் தேர்விற்குக் கூலி கேட்டல் தவறன்று. நேர்காணலுக்குச் செல்வோர் கணிப்பொறியிற் காட்டும் படங்களோடு, அச்சேறிய தாளொன்றையும் உடன்கொண்டு செல்க. அதனைக் கையில் வாங்கித் தடவிப் பார்க்கும் அச்சகத்தார் கேட்கும் கேள்விகளே வேறு: இது எத்தனை கிராம் தாள், எங்கே அச்சாயிற்று, ஓரம் ஏன் இவ்வளவு விட்டீர் என்பன.