சொல்லும் சட்டமும்: மலையகம் தரும் ஒரு விளக்கம்

எழுத்துக்காகவோ பேச்சுக்காகவோ ஒருவரைச் சிறையிடும் அரசு, எந்த அதிகாரத்தால் அதனைச் செய்கின்றது? இவ்வினாவை இலங்கையின் இரு வழக்குகளைக் கொண்டு ஈண்டு ஆராய்கின்றோம்.

தோட்டங்களுள் அயலார் நுழைதல் தடுக்கப்பட்டிருந்த காலத்தில், ‘தேசபக்தன்’ ஆசிரியர் கோ. நடேசய்யர் புடைவை வியாபாரியாக வேடம் பூண்டு தொழிலாளரைச் சந்தித்தார் என்பர். துரைமார் அஞ்சியது அவர் கொண்டுசென்ற சொல்லையே.

1937இல் அச்சொல் துரைமார் வரிசையிலிருந்தே எழுந்தது. மடுல்கலையில் தோட்டத்தொழில் பயில ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரேஸ்கேர்டில் என்னும் இளைஞர், ஏப்ரல் 3ஆம் நாள் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தொழிலாளர் சார்பிற் பேசினார். தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்தக் கட்டளையிட்டார்; கைதும் நிகழ்ந்தது. நெருக்கடி நிலை இல்லாதபோது அவ்வதிகாரம் செல்லாதெனக் கூறி, உயர் நீதிமன்றம் அவரை மே மாதத்தில் விடுவித்தது.

எழுபத்தோராண்டுகளின் பின், 2008 மார்ச்சில், பத்திரிகையாளர் ஜே. எஸ். திசைநாயகம் கொழும்பிற் கைதானார். 2006இல் வெளியான கட்டுரைகளுக்காக, 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது. வற்புறுத்திப் பெறப்பட்டதென அவர் முறையிட்ட வாக்குமூலம் சான்றாக ஏற்கப்பட்டது. 2009 ஆகஸ்டில் 20 ஆண்டுக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. 2010இல் அவருக்குக் கிடைத்தது மன்னிப்பு. குற்றமற்றவர் என்னும் தீர்ப்பன்று.

முன்னையதில் ஆட்சியாளரின் ஆணை சட்டத்தை மீறிற்று. எனவே சட்டமே காவலாயிற்று. பின்னையதில் சட்டமே எழுத்தைக் குற்றமாக்கிற்று. ஆதலின், எழுதுவோர்க்குரிய காவல் சட்டம் இயற்றப்படும் இடத்திலேயே தொடங்குதல் வேண்டும் என்பது எமது துணிபு.