ரகரத்தின் கால்: தமிழ் நூலெழுத்துருவில் அழகும் பொருள் வேறுபாடும்

முன்னுரை

உரோமன் எழுத்துருக்கள் செரிஃப் உடையன, செரிஃப் இல்லாதன என இருவகைப்படும். எழுத்தின் கோடு முடியும் இடத்தில் குறுக்காக நீளும் சிறு முனைக்கோடே செரிஃப் எனப்படும். தடித்தும் மெலிந்தும் மாறிவரும் கோடுகள் இவ்வகை எழுத்துருக்களில் மிகுதி. நூல் அச்சிடுவதற்கு இவையே நெடுங்காலமாக விரும்பப்பட்டு வருகின்றன. முனைக்கோட்டை நீக்கினாலும் பொதுவாக எழுத்து வேறாகிவிடுவதில்லை. தமிழிலோ கோட்டின் முனை சில இடங்களில் எழுத்தையே வேறுபடுத்துகிறது. நெய்வேலி நகரியத்தில் நாளும் வழங்கும் ‘நெய்வேலி’, ‘நிலக்கரி’, ‘நிலையம்’ ஆகிய மூன்று சொற்களைக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

ஓலையிலிருந்து உலோகத்திற்கு

உரோமன் எழுத்தின் தடிப்பும் மென்மையும் பட்டை முனை கொண்ட பேனாவால் விளைந்தவை. தமிழ் எழுத்து ஓலையில் எழுத்தாணியால் கீறப்பட்டது. ஆதலின் அதன் கோடு பெரும்பாலும் ஒரே அளவினது. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தை உலோக அச்சுக்குள் கொணர்ந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் அளவிற் பெரியனவாக இருந்தமையால், அங்கேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. 1862-இல் வெளிவந்த வின்சுலோவின் தமிழ் – ஆங்கில அகராதியை அச்சிட்டது, சென்னையில் பி. ஆர். ஹண்ட் நடத்திய அமெரிக்க மிஷன் அச்சகம். ஒரே பக்கத்தில் இரு மொழிகளும் அடுத்தடுத்து வரும் அத்தகைய நூலுக்குத் தமிழ் எழுத்து சிறுத்தும் தெளிந்தும் இருத்தல் இன்றியமையாதது. இன்றைய ‘நோட்டோ செரிஃப் தமிழ்’ போன்ற எழுத்துருக்களில் ‘செரிஃப்’ என்னும் பெயர் முனைக்கோட்டைவிடக் கோட்டின் தடிப்பு வேறுபாட்டையே முதன்மையாகச் சுட்டுகிறது எனலாம்.

நெய்வேலி: புள்ளியும் கொம்பும்

எகர, ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதிக்கிறது. ஓலையிலோ புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. அவ்வழக்கில் ‘நெய்வேலி’ என்னும் சொல் ‘நெயவெலி’ என்றே தோன்றும். நெடிலையும் மெய்யையும் படிப்பவரே இடம்நோக்கி உணர வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தத்தால் ஒற்றைக்கொம்பு குறிலுக்கும், மேற்சுழி பெற்ற இரட்டைக்கொம்பு நெடிலுக்கும் உரியவாயின. எனவே அச்செழுத்தில் அச்சுழியின் உள்வெளி மை நிரம்பி அடைபடாதவாறு அமைத்தல் அழகு பற்றியது மட்டுமன்று. குறில் நெடில் வேறுபாடும் அதனைச் சார்ந்தே நிற்கிறது.

நிலக்கரி: சாய்ந்த கால்

ஓலைச்சுவடிகளில் ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவின. அச்சில் ரகரத்தின் அடியில் இடப்படும் சாய்ந்த சிறுகோடே இரண்டையும் பிரிக்கிறது. தமிழில் செரிஃபுக்கு நெருங்கிய உறுப்பு இதுவே. ஆயினும் இது ஒப்பனையன்று, பொருள் வேறுபடுத்துவது. ர், ரி, ரீ ஆகியவற்றில் மட்டும் பல அச்செழுத்துகள் இக்காலை விட்டுவிடுகின்றன. துணைக்கால் புள்ளியையோ இகரக் குறியையோ ஏற்பதில்லையாதலின், படிப்பவருக்கு அங்கு மயக்கம் நேர்வதில்லை.

கண்ணுக்கு மயக்கம் தராத இவ்வழக்கு கணினியில் புதிய இடரைத் தோற்றுவித்துள்ளது. ஒருங்குறியில் ரகரமும் துணைக்காலும் வெவ்வேறு எண் உடையவை. ‘நிலக்கரி’ என்பதில் ரகரத்திற்கு மாறாகத் துணைக்காலைத் தட்டி, அதன்மேல் இகரக் குறியைச் சேர்த்தாலும், கால் இல்லாத எழுத்துருவில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். மெய்ப்புப் பார்ப்பவர் பிழையைக் காண இயலாது. எண்ணை எண்ணோடு ஒப்பிடும் தேடலிலோ அச்சொல் அகப்படாது. சொல்லடைவும் தொடரடைவும் உருவாக்கும் ஆய்வாளருக்கு இஃது எளிய பிழையன்று. ரியிலும் ர்-இலும் சாய்காலைப் பேணும் எழுத்துரு இப்பிழையைக் கண்முன் நிறுத்திவிடும்.

நிலையம்: மரபு வடிவம்

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-இல் தோன்றியது. அதன் முதல் அனல்மின் நிலையம் 1962-இல் மின்னாக்கத்தைத் தொடங்கியது. அக்காலத்துப் பொது வழக்கில் ‘நிலையம்’ என்பதன் லகர ஐகாரம் இணைக்கொம்பின்றி, முன்புறம் தும்பிக்கைபோல் வளைந்த கோட்டுடன் அச்சிடப்பட்டது. பெரியார் 1935 முதல் தம் இதழில் கையாண்ட சீர்திருத்த வடிவங்களைத் தமிழக அரசு 1978-இல் ஏற்றது. ணா, றா, னா. ணை, லை, ளை, னை. ணொ, றொ, னொ. ணோ, றோ, னோ ஆகிய 13 எழுத்துகள் வடிவம் மாறின. அச்சுக்கோப்பவருக்கும் கற்பவருக்கும் சுமை குறைந்தது. எனினும் 1978-க்கு முற்பட்ட நூலை அதன் வடிவிலேயே பதிப்பிக்க விரும்புவோருக்குப் பழைய வடிவங்கள் வேண்டும். ஒருங்குறி எழுத்தின் அடையாளத்தையே குறிக்கிறது. வடிவத்தைத் தருவது எழுத்துரு. ஆகவே ஓர் எழுத்துருவில் இருவகை வடிவங்களையும் அமைத்தால், மூலத்தின் எண்ணுரு மாறாமலே பழைய தோற்றத்தைப் பெறலாம், தேடலும் பாதிப்புறாது.

முடிவுரை

தமிழ் நூலெழுத்துருவின் அழகைத் தடிப்பு மென்மைகளின் நயம் ஒன்றைக்கொண்டு மட்டும் அளத்தல் போதாது. சிறிய அளவிலும் இரட்டைக்கொம்பின் சுழியும் புள்ளியும் தெளிவுறுதல், ரகரம் எல்லா இடத்தும் தன் காலைப் பெறுதல், மரபு வடிவங்களும் உடனிருத்தல் ஆகிய மூன்றும் பதிப்பாளர் எழுத்துருவைத் தேர்கையில் நோக்கத்தக்கவை. இவற்றுள் ரகரத்தின் கால் மிகச் சிறியது. ஆயினும் ஒரு சொல் தேடுவோர்க்கு அகப்படுவதும் மறைவதும் அதனைப் பொறுத்து அமையக்கூடும்.