தானே கரையும் குட்டிப் பை

சில தையல்களை டாக்டர் பிரிக்கவே மாட்டார். அந்த நூல் சில வாரங்களில் உடலுக்குள்ளேயே கரைந்துவிடும். அப்படிக் கரையும் நூல் செய்யப் பயன்படும் ஒரு பொருள் பி.எல்.ஜி.ஏ. இது ஒரு பாலிமர். அதாவது, சிறு சிறு மூலக்கூறுகளைப் பூச்சரம் போலக் கோத்த நீளச் சங்கிலி. உடலின் ஈரம் பட்டு அந்தச் சரம் அறுந்தால், லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும் கிடைக்கும். தயிருக்குப் புளிப்பு தருவதும் இதே லாக்டிக் அமிலம்தான்! உடலுக்குப் பழக்கமானது, எளிதாக வெளியேற்றிவிடும்.

இதே பாலிமரில் மருந்து சுமக்கும் நானோ பைகளையும் செய்கிறார்கள். எவ்வளவு சிறியவை? ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைப் பாருங்கள். 100 நானோமீட்டர் அளவுள்ள 10,000 பைகள் அதில் வரிசையாக நிற்கும்!

எதற்கு இந்தப் பை? புற்றுநோய் செல்கள் ஓயாமல் பெருகுபவை. வேகமாகப் பெருகும் செல்லைத் தாக்குவதே பல புற்றுநோய் மருந்துகளின் வேலை. நம் முடிவேரின் செல்களும் வேகமாகப் பெருகும். மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது, அவற்றையும் தாக்கும். முடி கொட்டுவது அதனால்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே மருந்தைக் கொடுத்தால் சில புற்றுநோய் செல்கள் தப்பிவிடும். அதனால் வெவ்வேறு வழியில் தாக்கும் மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பார்கள். ஆனால் ஒன்று ரத்தத்திலிருந்து சீக்கிரம் வெளியேறும், மற்றொன்று தங்கும். அளந்து கொடுத்த விகிதம் வழியிலேயே மாறிப்போகும்.

இரண்டையும் ஒரே பையில் அனுப்பினால்? சேர்ந்தே போய்ச் சேரும். பை கரையக் கரைய மருந்து மெல்லக் கசியும். புற்றுநோய்க் கட்டிக்குள் பை எப்படி நுழையும்? கட்டியின் ரத்தக்குழாய்கள் அவசரத்தில் வளர்ந்தவை. சுவரில் இடைவெளிகள் இருக்கும். அவற்றின் வழியே பெரிய மூலக்கூறுகள் கட்டிக்குள் புகுந்து தங்குவதை, 1986-இல் ஜப்பானின் மட்சுமுராவும் மயேடாவும் எடுத்துக்காட்டினார்கள்.

2017-இல், இரண்டு மருந்துகளை 5:1 விகிதத்தில் கொழுப்பாலான நானோ பையில் வைத்த ரத்தப்புற்றுநோய் மருந்துக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. பாலிமர் பையில் இரண்டு மருந்துகளை வைக்கும் ஆய்வுகள் நடக்கின்றன. வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது: பைகளில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் வழியிலேயே பிடித்துக்கொள்கின்றன. அவற்றிடம் சிக்காமல் அனுப்புவது எப்படி? உங்களில் ஒருவரே விடை சொல்லலாம்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். முடி கொட்டிய நண்பன் யாராவது சிகிச்சை முடிந்து வகுப்புக்கு வந்தால், பக்கத்தில் உட்கார வையுங்கள். புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. முடியும் பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும்.