மலைச்சரிவுப் பிள்ளையும் பஞ்சாயத்துப் பணமும்



பொதியமலை என்றதும் நம் நினைவில் முதலில் எழுவன அகத்தியரும் தாமிரபரணியுமே. அம்மலைத்தொடரின் மேற்குச் சரிவில், திருவனந்தபுரத்திலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில், போனக்காடு என்னும் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. நெடுமங்காட்டையும் விதுராவையும் கடந்து, காட்டினூடே வளைந்தேறும் பாதையின் முடிவில் அதைக் காணலாம். ஆங்கிலேயர் காலத்தில் தோன்றிய அத்தோட்டத்தில் கொழுந்து பறிக்க மலையேறியவர்களுள் தமிழர் மிகப் பலர். அவர்தம் வழித்தோன்றல்களை இன்றும் அங்குள்ள லயங்களில் காணலாம். தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரங்கள் ஓய்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அகத்தியர்கூடத்துக்கு ஏறும் யாத்திரிகர்கள் போனக்காட்டைக் கடந்து செல்கின்றனர். லயத்து வாசலில் நின்று நலம் கேட்போர் அவர்களுள் சிலரே.

அத்தகைய லயமொன்றில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இருப்பதாகக் கொள்வோம். பேச்சு தெளியவில்லை, அறிவு வளர்ச்சியும் வயதுக்கு ஒத்ததாக இல்லை. தாய் விடியலில் வேலைக்குப் போய்விடுகிறாள், பாட்டிதான் துணை. "இவளைப் படிக்க வைக்கப் பணத்துக்கு எங்கே போவது?" என்பது அவ்வீட்டார் கேள்வி. பணம் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது, இச்சிறுமியை எட்டாமல் போவது எதனால் என்பதையே இன்று நாம் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

கேரள மாநிலத்தில் 1994-ஆம் ஆண்டின் பஞ்சாயத்து ராஜ் சட்டத்துக்குப் பின், 1996-இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மாநிலத் திட்டச் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உள்ளாட்சிகளின் கைக்கு மாறியது. கிராமப்புறத்து அரசு தொடக்கப் பள்ளிகளும் நடுநிலைப் பள்ளிகளும் கிராம பஞ்சாயத்தின் பொறுப்பில் வந்தன. ஆசிரியர் சம்பளத்தை அரசே தரும். கட்டடத்தையும் வசதிகளையும் பஞ்சாயத்து கவனிக்கும். வளர்ச்சி நிதியில் குறைந்தது 5 விழுக்காட்டைக் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனுடையோருக்கும் ஒதுக்குமாறு திட்ட விதிமுறைகள் பணித்தன.

இந்த ஏற்பாட்டின் நற்பலன்களுள் ஒன்றாக நாம் கருதுவது 'பட்ஸ்' பள்ளிகளை. 2004-இல் இதே திருவனந்தபுரம் மாவட்டத்தின் வெங்ஙானூர் பஞ்சாயத்தில் முதற் பள்ளி தோன்றியது. அறிவு வளர்ச்சிக் குறையுடைய ஏழைக் குழந்தைகளைப் பகற்பொழுதில் வைத்துப் பயிற்றுவிக்கும் இடம் அது. பஞ்சாயத்தும் 'குடும்பஸ்ரீ' மகளிர் இயக்கமும் கைகோத்து நடத்துபவை இவை. பதினெட்டு வயதைக் கடந்தோருக்குத் தனியே மறுவாழ்வு மையங்கள் உண்டு. இரண்டையும் சேர்த்தால் இன்று மாநிலத்தில் முந்நூறுக்கு மேல் வரும். ஆசிரியைக்கும் ஆயாவுக்கும் தரும் ஊதியம், மதிய உணவு, பிள்ளைகளை ஏற்றிவரும் வண்டி, அதன் ஓட்டுநர், எரிபொருள் ஆகிய யாவும் பஞ்சாயத்தின் கணக்கில் ஏறுகின்றன. சமவெளியில் வண்டி வீட்டு வாசலுக்கே வந்துவிடும். மலைப்பாதையிலோ ஒரு பிள்ளைக்காக அவ்வளவு தூரம் ஏறி இறங்க வேண்டும். செலவுக் கணக்கைப் பார்ப்பவர் இவ்விடத்தில் தயங்குவது இயல்பே. அத்தயக்கத்தைத் தீர்த்துவைக்க ஊரார் குரல் வேண்டும்.

இவையன்றி மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து செலவிடும் 'சமக்ர சிக்ஷா' திட்டமும் உண்டு. சிறப்பாசிரியர் பொதுப்பள்ளிக்கு வந்து கற்பிப்பதும், படுக்கையை விட்டு எழ இயலாத குழந்தைக்கு வீட்டிலேயே பாடம் சொல்வதும் அதன் பணிகள். போக்குவரத்துப் படி, துணைக்கு வருபவருக்கான படி, பெண் குழந்தைகளுக்கு மாதம் 200 ரூபாய் உதவித்தொகை ஆகியவையும் அதில் அடங்கும். இருநூறு ரூபாய் இன்று எத்தனை நாளைக்குக் காணும் என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் அதையே கேட்கிறோம்.

இனிச் சிக்கலுக்கு வருவோம். பஞ்சாயத்துப் பணம் யாருக்கு என்பதைக் கிராம சபை தீர்மானிக்கிறது. ஒவ்வொரு வார்டிலும் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் அச்சபை கூட வேண்டும்; வாக்காளருள் பத்தில் ஒரு பங்கினர் வந்திருக்க வேண்டும். பயன்பெறுவோர் பட்டியலை அச்சபை வரிசைப்படுத்தியபின், அவ்வரிசையை மாற்றப் பஞ்சாயத்துக்கு உரிமை இல்லை. மாற்றுத்திறனுடையோருக்கெனத் தனிக் கிராம சபை கூட்டும் வழக்கமும் பல ஊர்களில் உண்டு. ஆனால் கிராம சபையின் உறுப்பினர் யார்? அந்த வார்டின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர் மட்டுமே. பிழைப்புக்காகப் பிற மாநிலம் சென்ற நம்மவர் பலர் வாக்கைச் சொந்த ஊரிலேயே வைத்திருப்பர். ஊர்ப் பற்று நல்லதுதான். எனினும், குழந்தை வளர்வது இங்கே, வாக்கு இருப்பதோ திருநெல்வேலிச் சீமையில் என்றால், சபையில் அக்குழந்தையின் பெயரைச் சொல்ல ஆளில்லை. உள்ளாட்சிக்கான வாக்காளர் பட்டியலைக் கேரளத்தில் மாநிலத் தேர்தல் ஆணையம் தனியே தயாரிக்கிறது. சட்டமன்றப் பட்டியலில் பெயர் இருப்பதை மட்டும் நம்பியிராமல், இதனையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கிலாந்தில் முறை வேறு. 2014-ஆம் ஆண்டின் சட்டப்படி, தேவையுள்ள குழந்தைக்கெனக் கல்வி, உடல்நலம், பராமரிப்பு மூன்றையும் குறித்துத் தனித்திட்டம் எழுதப்படுகிறது. அதில் எழுதிய கல்வி உதவியை வழங்கும் கடமை உள்ளாட்சி மன்றத்தைச் சேர்ந்தது. அதனால் அங்குப் பல மன்றங்கள் பெரும் பற்றாக்குறையில் தவிக்கின்றன என்பதும் உண்மை. இருப்பினும் கேட்கும் தாய்க்குக் கையில் ஓர் ஆவணம் இருக்கிறது. நம் போனக்காட்டுத் தாய்க்கு அத்தகைய ஆவணம் எது?

முதலாவது, மருத்துவச் சான்றிதழ். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனுடையோர் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. குறைபாடு நூற்றுக்கு 40-க்குக் குறையாது எனச் சான்று பெற்ற குழந்தைக்கு, 6 வயது முதல் 18 வயது வரை, அண்மைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. குடிபெயர்ந்தோர் நினைவில் வைக்கத்தக்க செய்தி ஒன்று: இச்சான்றிதழ் நாடெங்கும் செல்லும். தமிழ்நாட்டில் வாங்கியதைக் கேரளத்திலும், கேரளத்தில் வாங்கியதை மகாராட்டிரத்திலும் காட்டலாம். புதிதாக வாங்குவோர் தாம் இப்போது வசிக்கும் மாவட்டத்திலேயே விண்ணப்பிக்கலாம். சொந்த ஊருக்கு இரயிலேற வேண்டுவதில்லை.

இரண்டாவது, எழுத்து மூலமான விண்ணப்பம். மலையாளத்தில் எழுதத் தெரியாமையால் வாளாவிருப்போர் உளர். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுத இடம் தருகிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளென அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் அவ்வாறே எழுதலாம். பிற இடங்களில், மலையாளம் கற்ற லயத்துப் பிள்ளை ஒருவனை அமர்த்தி எழுதி வாங்குவதே எளிது.

விண்ணப்பத்தில் சிறுமியின் பெயர், வயது, சான்றிதழ் எண், வீட்டிலிருந்து வண்டிப்பாதைக்கு உள்ள தூரம் ஆகியவற்றை மறவாமல் குறிக்க வேண்டும். ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டின் திட்டம் அதற்கு முன்னரே வகுக்கப்படுவதால், ஆண்டுத் திட்டத்துக்கான கிராம சபை எந்நாளில் என்பதை வார்டு உறுப்பினரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம். அன்று பாட்டி மட்டுமே போக முடிந்தாலும் போகட்டும். விண்ணப்பத்தின் படி ஒன்றில் பெற்றுக்கொண்டமைக்கான கையொப்பத்தையும் தேதியையும் வாங்கிக்கொண்டு, மாலைப் பேருந்துக்குத் திரும்பிவிடலாம்.