எல்லை திறந்தது, புகை நீங்கவில்லை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வரும் லாரி கனகசெட்டிக்குளத்தில் புதுச்சேரிக்குள் பிரவேசிக்கிறது. காலாப்பட்டைத் தாண்டியதும் மறுபடி தமிழ்நாட்டு எல்லைக்குள் போய், கோட்டக்குப்பத்தைக் கடந்து, முத்தியால்பேட்டையில் இரண்டாம் முறை புதுச்சேரியை அடைகிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் விழுந்த கோடுகள் இவை. அந்த ஆட்சி 1954 நவம்பர் 1-ந் தேதி அகன்றது, கோடுகள் அகலவில்லை.

ஆயினும் அவற்றால் வர்த்தகருக்கு நேர்ந்த தொல்லை பெரும்பாலும் தீர்ந்ததென்பதை நாம் மகிழ்ச்சியுடன் ஒப்புக்கொள்கிறோம். 2017 ஜூலை 1-ல் சரக்கு மற்றும் சேவை வரி அமலுக்கு வந்ததும் மாநில எல்லைகளிலிருந்த வரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2018 ஏப்ரல் 1 முதல், மாநிலம் கடந்து செல்லும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் என்னும் மின்னணுச் சீட்டு ஏற்பட்டது. லாரி காத்து நிற்கும் நேரம் குறைந்தால் டீசலும் மிச்சமாகிறது.

ஆனால் பட்டணத்துக்குள் நிலைமை என்ன? ஒரே வீதிக்கு நான்கு கம்பெனிகளின் நான்கு வண்டிகள், ஆளுக்குச் சில பொட்டலங்களுடன் வருகின்றன. கால் பாரம் ஏற்றிய வண்டியும் முழு வண்டியின் இடத்தை அடைத்துக்கொள்கிறது. பெரிய மார்க்கெட்டைச் சூழ்ந்த குறுகலான வீதிகளில் அதன் புகையைச் சுவாசிப்பவர் கடைச் சிப்பந்தியும் சுமை தூக்கும் தொழிலாளியுமே.

இதற்குப் பரிகாரம் கைக்கெட்டிய தூரத்திலேயே இருக்கிறது. எந்த வண்டி, என்ன சரக்கு, எங்கிருந்து எங்கே என்ற விவரம் அச்சீட்டின் மூலம் சர்க்காரிடம் முன்னரே சேர்ந்துவிடுகிறது. வரி வசூலிக்க உதவும் கணக்கு, வீதியைக் காக்க ஏன் உதவக் கூடாது? வர்த்தகரின் பெயரையும் சரக்கின் விலையையும் மறைத்துவிட்டு, எந்தப் பேட்டைக்கு எவ்வளவு சரக்கு வருகிறதென்பதை மட்டும் கணக்கிட்டால் போதும். கனகசெட்டிக்குளத்தருகே ஒரு பொதுக் கிடங்கு அமைத்து, சில்லறைச் சரக்குகளை வீதிவாரியாகப் பிரித்து, மின்சார மூன்று சக்கர வண்டிகளில் ஏற்றி அனுப்பலாம். குறுகிய தூரத்துக்கு அவ்வண்டிகள் ஏற்றவை. இரவில் சார்ஜ் செய்தால் பகலில் ஓடும்.

டில்லி சர்க்கார் 2023-ல் வகுத்த திட்டம், பொருள் விநியோகிக்கும் பெரிய கம்பெனிகளின் வண்டிகள் யாவும் 2030 ஏப்ரல் 1-க்குள் மின்சார வண்டிகளாக வேண்டுமென்று விதித்தது. மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருமாயின் புகை வேறிடத்தில் எழுமென்பது மெய்யே. ஆகையால்தான் வண்டியை மாற்றுவது மட்டும் போதாது. வண்டிகளின் நடையையும் குறைக்க வேண்டுமென்கிறோம்.

ஒன்றை மட்டும் மறக்கலாகாது. இன்று சிறு வண்டி ஓட்டிப் பிழைப்பவரைத் தள்ளிவிட்டு இச்சீர்திருத்தம் வருமானால் அது சீர்திருத்தமாகாது. புதிய வண்டிகளுக்குக் கடனுதவி முதலில் அவர்களுக்கே கிடைக்க வேண்டும். எல்லையில் லாரிக்கு வழிவிட்ட யந்திரம், இனி வீதியில் மனிதருக்கும் வழிவிடட்டும்.