கல்லைப் புரட்டிப் பாருங்கள்

தாபோடியில் பவனா நதி முளாவுடன் கலக்கிறது. சென்ற ஆவணியில் அங்கே ஒரு புட்டி நீர் எடுத்துச் சோதித்தேன். கரைந்திருந்த பிராணவாயு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தது. குளிக்கும் நீருக்கு வேண்டிய குறைந்த அளவு அதுதான். ‘ஆறு நலம்’ என்று எழுதிவிட்டேன்.

அதே வாரம் கரையோரக் கற்களைப் புரட்டினேன். செக்கச்செவேலென்று புழுக்கள் நெளிந்தன!

என் பிழை யாது? மழைவெள்ளம் கழிவைக் கரைத்து, காற்றையும் கலந்துவிடுகிறது. புட்டி நீர் அந்த வேளையை மட்டுமே சொல்லும். கல்லடியில் வாழும் சிற்றுயிர்களோ பல வாரங்களின் கதையைச் சொல்லும்.

மேஃபிளைப் பூச்சியின் இளம்பருவம் பெரும்பாலும் பிராணவாயு மிகுந்த நீரையே நாடும். கைரோனமஸ் என்னும், கடிக்காத கொசு போன்ற பூச்சியின் புழு சாக்கடையிலும் பிழைக்கும். அதன் உடலிலுள்ள ஹீமோகுளோபின் கிடைக்கும் சொற்பப் பிராணவாயுவையும் பற்றிக்கொள்கிறது. சிவப்பு நிறமும் அதனாலேயே. பிரிட்டனில் வகுத்த மதிப்பெண் முறையில் சில மேஃபிளைக் குடும்பங்களுக்கு 10. இப்புழுவின் குடும்பத்துக்கு 2.

ஆனால், ஓரிடத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புக் கூறலாகாது. வெள்ளம் பூச்சிகளை அடித்துச் சென்றிருக்கலாம். சேறு நிறைந்த இடத்தில் புழு இயல்பாகவே மிகும். ஆகவே நகருக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம் தேர்ந்து, ஒரேவிதமான கற்களைப் பல மாதங்களில் ஒப்பிட வேண்டும்.

நண்பர்களே, இதற்கு வெள்ளைத் தட்டும், கொசுவலைத் துண்டும், ரப்பர் கையுறையும் போதும். பாலத்தின் மேல் மூக்கைப் பொத்திக்கொண்டு போகும் நாம், ஒருநாள் கரைக்கு இறங்குவோமே!