கொழுக்கட்டைக்குள் வைட்டமின்

அம்மாவுக்குக் கழுத்தில் கதிர்வீச்சு சிகிச்சை நடக்கிறது. ரத்த அணுக்கள் குறையாமல் இருக்க ‘லிப்போசோமல்’ வைட்டமின் டப்பா வாங்கி வைத்திருக்கிறேன், கொடுக்கலாமா என்று ஒரு வாசகி எழுதிக் கேட்டிருக்கிறார்.

கதிர்வீச்சு உடலுக்குள் பெரும்பாலும் தண்ணீரில்தான் மோதுகிறது. தண்ணீர் உடைந்து ஹைட்ராக்சில் என்னும் மூர்க்கமான துணுக்கு பிறக்கிறது. அது உயிரணுவின் கொழுப்புச் சவ்வில் ஒரு மூலக்கூறைக் கெடுக்க, அது பக்கத்தில் இருப்பதைக் கெடுக்க, சேதம் சங்கிலியாகப் போகும். பழைய முறுக்கு டப்பாவைத் திறந்ததும் சிக்கு வாடை அடிக்கிறதே, அதற்கும் இதே வகை வேதிவினைதான் காரணம். ரத்தத்தில் முதலில் சரிவது லிம்போசைட் என்னும் வெள்ளணு.

லிப்போசோமைக் கண்டறிந்தவரும் ரத்தத்தை ஆராய்ந்தவரே. 1960-களின் தொடக்கத்தில், கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரஹாமில், ரத்தம் உறைவதில் கொழுப்புக்கு என்ன வேலை என்று தேடிக்கொண்டிருந்தார் அலெக் பாங்ஹம். கொழுப்பைத் தண்ணீரில் கலந்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தபோது, வெங்காயம்போல அடுக்கடுக்கான உருண்டைகள் தெரிந்தன. அவைதான் லிப்போசோம்கள். ‘பாங்ஹசோம்’ என்றுகூட அவற்றுக்குச் செல்லப்பெயர் இருந்தது.

செய்முறை பார்க்கவே அழகு. முட்டை மஞ்சள்கருவில் உள்ள லெசித்தின் என்னும் கொழுப்பைக் குளோரோஃபார்மில் கரைத்து, குடுவையைச் சுழற்றி ஆவியாக்கினால் கண்ணாடியில் மெல்லிய ஏடு படியும். தண்ணீர் விட்டு ஆட்டினால் ஏடு உரிந்து, பால்போல் கலங்கும். அவ்வளவுதான்! லெசித்தினின் தலை தண்ணீரை நாடும், வால் தண்ணீருக்கு அஞ்சும். வால்களை உள்ளே மறைத்துக்கொண்டு அவை தாமாகவே உருண்டையாக மூடிக்கொள்கின்றன. 100 நானோமீட்டர் அளவில் செய்தால், ஒரு சிவப்பணுவின் குறுக்கே எழுபதை வரிசையாக வைக்கலாம்.

நீரில் கரையும் வைட்டமின் சி இந்தக் கொழுக்கட்டைக்குப் பூரணம். கொழுப்பில் கரையும் வைட்டமின் இ மேல்மாவோடு கலந்துவிடும். சங்கிலியை அறுப்பது இ. அறுத்துக் களைத்த இ-யைப் புதுப்பிப்பது சி. ரத்தத்தைக் காக்க ஆராய்ச்சியாளர்கள் இந்த ஜோடியை நாடுவது இதனால்தான்.

ஆனால் ஆய்வகத்துக் குடுவை வேறு, கடையில் விற்கும் டப்பா வேறு. 2021-இல் கருப்புப் பூஞ்சை பரவியபோது குடும்பங்கள் ஊர் ஊராகத் தேடிய ஆம்போடெரிசினும் லிப்போசோம் மருந்துதான். உருண்டையின் அளவு முதல் கசிவு வரை சோதித்த பிறகே அது ரத்தக்குழாயில் ஏறுகிறது. அத்தகைய சோதனை இல்லாமல், பெயரை மட்டும் அட்டையில் அச்சிட்டுக் கூடுதல் விலைக்கு விற்பது நோயாளியின் பயத்தைக் காசாக்குவது.

இன்னொன்றும் உண்டு. கனடாவின் கியூபெக்கில், கதிர்வீச்சு பெற்ற தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 540 பேரிடம் நடந்த ஆய்வு 2005-இல் வெளியானது. வைட்டமின் இ-யும் பீட்டா கரோட்டினும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவிளைவு தணிந்தது. கூடவே, கட்டி திரும்பும் வாய்ப்பு கூடுகிறதோ என்ற ஐயமும் எழுந்தது. நல்ல அணுவுக்குப் பிடிக்கும் குடை புற்றணுவுக்கும் நிழல் தரலாம்.

ஆகவே, டப்பாவை இப்போதைக்குத் திறக்க வேண்டாம். அடுத்த முறை சிகிச்சைக்குப் போகும்போது கையோடு எடுத்துச் சென்று கதிர்வீச்சு மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் ஏற்கெனவே கொடுத்துவரும் சத்து மாத்திரைகளையும் சேர்த்து.